எல்க் மானும் ஒன்றரைப் பவுன் ஈயமும்

கடம்பூர் என்று சொன்னால் ரயிலில் போகிறவர்களுக்குப் போளி ஞாபகம் வரும். வேறொன்றும் வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. மழை பெய்தால் பயிரும், பெய்யாவிட்டால் பெருமூச்சுமாகக் காலம் தள்ளுகிற கரிசல் பூமி இது. இந்த ஊர்ப் பையன் ஒருவன் மான் சுடுவதற்குத் துப்பாக்கி வாங்க யோசனை கேட்டு எழுதுவான் என்றும், அதையும் பௌதிக உபாத்தியாயராகிய நம்மிடம் கேட்பான் என்றும் நாம் கனவிலும் நினைத்ததில்லை.

பையன் என்றோமே தவிர அவனுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. நம்மிடம் படித்தவன். அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் டென்வர் என்ற நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு அவனிடமிருந்து கைப்பேசியில் நீண்ட கடிதம் வந்தது.

“சார், இங்கே என்னோடு வேலை பார்ப்பவர்கள் அக்டோபர், நவம்பர் வந்தால் மலைக்குப் போய் எல்க் மான் சுடுகிறார்கள். ஒரு மான் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக் கறி. இந்த வருஷம் என்னையும் கூப்பிடுகிறார்கள். எந்த ரைபிள், எந்தத் தோட்டா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது. துப்பாக்கி பின்னால் உதைக்கிற கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். நீங்கள் சொல்வதை வாங்குகிறேன்.”

அந்தக் கணக்கு நேயர்கள் அனைவருக்கும் தெரிந்ததே. இத்தனை கிலோ துப்பாக்கியிலிருந்து இத்தனை கிராம் குண்டு இத்தனை வேகத்தில் பாய்ந்தால் துப்பாக்கி பின்னோக்கி வரும் வேகம் யாது? நாமும் படிக்கும் காலத்தில் போட்டோம். இருபது வருஷமாகப் போட்டுக் காட்டியும் வருகிறோம். அந்தக் குண்டு போய் யார்மேல் பட்டது என்று மட்டும் எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை.

“மானைச் சுட வாத்தியாரையா கேட்கிறான்?” என்று நம் வீட்டு அம்மாள் சிரித்தாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. “போகாதே அப்பா” என்று ஒரு வரி எழுதிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கறிக்கடையில் போய் நிற்கிற நமக்கு அந்த உபதேசம் செய்ய வாய் ஏது? கறிக்கடையில் கத்தி வேறொருவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே ஒரு வார காலம் புஸ்தகங்களைப் புரட்டினோம். துப்பாக்கி விஷயம் இவ்வளவு தூரம் நம் ஊர் வரைக்கும் வந்து சேரும் என்று அதற்கு முன் தெரியாது.

முதலில் பெயரிலேயே ஒரு சிக்கல். ‘எல்க்’ என்பதற்கு நம்மவர்களின் பழைய ஆங்கில அகராதிகளைப் பார்த்தால் கடமான் என்று போட்டிருக்கும். திருநெல்வேலிச் சீமையில் மிளா என்பது இதைத்தான். ஐரோப்பாவிலோ எல்க் என்பது வேறு. அகன்ற தட்டுக் கொம்பும் தொங்கும் மூக்கும் உடைய அந்தப் பிராணியை அமெரிக்காவில் மூஸ் என்கிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய வெள்ளையர்கள் அங்கே கண்ட வேறொரு பெரிய மானுக்கு, ஊரிலிருந்து கொண்டுபோன எல்க் என்ற பெயரைச் சூட்டிவிட்டார்கள். இலங்கைக்கு வந்த வெள்ளையர்கள் அதே பெயரை நம் மிளாவுக்குச் சூட்டினார்கள். பெயர் ஒன்று, மான் மூன்று. கொலராடோ எல்க்கில் நன்கு வளர்ந்த கிடா முந்நூறு கிலோவுக்கு மேலும் நிறுக்கும். மிளாக் கிடாவும் எடையில் அதற்கு மிகவும் பின்தங்கியதன்று.

இலங்கையின் ‘எல்க்’ வேட்டையைப் பற்றி 1854-ல் ஒரு புஸ்தகமே எழுதினார் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர். 1848-ல் நுவரெலியாவில் குடியேறியவர். இளம் வயதிலேயே பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற துப்பாக்கிக்காரரிடம் சொல்லி 21 ராத்தல் எடையில் ஒரு ரைபிள் செய்துகொண்டவர் அவர். நம் ஊர்க் கணக்கில் ஒன்பதரைக் கிலோ. ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோல. இவ்வளவு பெரிய ஆயுதப் பிரியர் நுவரெலியாவின் மிளாவை எதனால் கொன்றார் என்று பார்த்தால் வியப்பாயிருக்கிறது. அந்த மலைக்காட்டின் நெருக்கத்தில் தூரத்துக் குறிக்கு இடமே இல்லை. நாய்களை விட்டு மானை ஆற்றுமடுவில் மடக்கி, கிட்ட நெருங்கிக் கத்தியால் குத்தினார். காட்டைப் பார்த்துத்தான் ஆயுதம். இந்த ஒரு சங்கதியை அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம். மற்றவற்றை அவரிடமே விட்டுவிட்டோம்.

நம் தேசத்திலோ காட்டைப் பார்த்தும் மானைப் பார்த்தும் தோட்டாவைத் தீர்மானிக்க விடவில்லை. இதைத்தான் நேயர்களுக்குச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

கடம்பூருக்குப் பக்கத்திலுள்ள கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் இரண்டாம் பாளையக்காரர் யுத்தம் முடிந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானதும், அவ்வருஷம் டிசம்பர் 1-ந் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார்: பாளையக்காரர்களும் அவர்கள் குடிகளும் ஆயுதம் வைத்திருக்கலாகாது. பிறகு 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டியதில்லை.

லைசென்ஸோடு முடிந்ததா? குழலின் உள்விட்டத்தையும் சர்க்கார் தீர்மானித்தது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு என்பது பிரிட்டிஷ் பட்டாளத்து ரைபிளின் அளவு. பட்டாளத்துத் தோட்டா குடிமக்கள் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்று .303 தடை செய்யப்பட்டது. .450 அளவுக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கதிதான். பழைய மார்ட்டினி-ஹென்றிப் பட்டாள ரைபிள்களின் அளவு அது. கலகக்காரர்கள் வேட்டைத் தோட்டாவைப் பிரித்துக் குண்டை எடுத்து அவற்றில் போட்டுச் சுடுவார்கள் என்று பயம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465 என்றும் .470 என்றும் புதிய அளவுகளைச் செய்து இந்தியாவுக்கு வருகிற துரைமார்களுக்கு விற்றன. பெரிய மிருக வேட்டைக்கு மிகவும் பெயர்போன இந்தத் தோட்டாக்கள் பிறந்த காரணம் யானையுமல்ல, புலியுமல்ல. இந்தியனிடத்தில் இருந்த அச்சம். .303-க்குப் பதிலாக .315 என்ற அளவு நம் தேசத்தில் பரவிய கதையும் இதே. ஆஸ்திரியா தேசத்துப் பழைய மான்லிக்கர் தோட்டாவை எடுத்து பர்மிங்ஹாமில் இந்தியாவுக்கென்று ரைபிள் செய்தார்கள். சுதந்திரம் வந்தது, 1959-ல் புதிய ஆயுதச் சட்டமும் வந்தது. .303 மட்டும் தடையிலிருந்து மீளவில்லை. கல்கத்தாவுக்கு அருகே ஈஷாப்பூரில் நம் சர்க்கார் தொழிற்சாலை குடிமக்களுக்கென்று செய்ததும் அந்த .315 ரைபிளைத்தான். பட்டாளத்துக்குப் பொருந்தாதிருப்பதே அதன் பிரதான குணம்.

இன்னொரு விநோதம். கல்கத்தாவையடுத்த டம்டமில், இன்று விமான நிலையம் இருக்கும் பக்கத்தில், பட்டாளத்து ஆயுதசாலை ஒன்று இருந்தது. அங்கே 1890-களின் பிற்பகுதியில் .303 குண்டின் மூக்கில் உறையைக் கொஞ்சம் விலக்கி உள்ளேயிருக்கும் ஈயம் வெளியே தெரியும்படி செய்தார்கள். உடம்பில் பட்டவுடன் அந்தக் குண்டு குடைக்காளான்போல் விரியும். எல்லைப்புறத்துப் பட்டாணியர்களை நிறுத்த சாதாரணக் குண்டு போதவில்லை என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 1899-ல் ஹேக் நகரத்தில் கூடிய சர்வதேச மகாநாடு, மனிதர்கள்மீது இத்தகைய குண்டை யுத்தத்தில் பிரயோகிக்கலாகாது என்று பிரகடனம் செய்தது. கொலராடோ சட்டமோ மான்மீது விரியாத குண்டைப் பிரயோகிக்கலாகாது என்கிறது. மனிதனிடத்தில் கருணைக்காக விலக்கியது, மானிடத்தில் கருணைக்காகவே கட்டாயமாகிறது. ஊசிபோல் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும் குண்டு பட்ட மான் நெடுந்தூரம் ஓடி எங்கேயோ கிடந்து சாகும்; விரியும் குண்டு பட்டால் அங்கேயே விழும் என்பது அதன் நியாயம். முதலில் படித்தபோது நமக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு பெரியப்பாவின் நினைவு வந்ததும் அந்த நியாயம் விளங்கிற்று.

பெரியப்பாவுக்குக் குருமலை அடிவாரத்தில் கொஞ்சம் செவல் நிலம் உண்டு. கடலை போட்டிருப்பார். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் பெற்ற பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவர் தகப்பனார் காலத்திலிருந்து வீட்டில் இருந்தது. குழலின் வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நாரை வைத்து இடிக்கும் ஜாதி. நமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒரு நாள் இரவு பரணில் அவரோடு படுத்திருந்தோம். நிலா வெளிச்சம். காட்டுப்பன்றி வந்து கடலையைக் கிண்டுகிற சத்தம் கேட்டது. பெரிய குண்டு கைவசமில்லை. குழலில் கிடந்தது கொக்கு குருவிக்குப் போடுகிற பொடி ரவை. நாற்பது ஐம்பது அடி தூரம். பெரியப்பா ஒரு கணம் யோசித்தார். யோசித்தது நமக்குத் தெரிந்தது. சுட்டுவிட்டார்.

பன்றியைச் சுடுவது 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது நமக்கு அப்போது தெரியாது, பெரியப்பாவுக்குத் தெரியும். பன்றி பயங்கரமாய்க் கத்திவிட்டு ஓடைப் பக்கம் ஓடிப்போயிற்று. விடிந்ததும் ரத்தத் தடம் பார்த்துக்கொண்டு போனோம். வேலிக்கருவைக் காட்டில் தடம் போய் மறைந்தது. மூன்றாம் நாள் நாய்கள் குரைத்த இடத்தில் போய்ப் பார்த்தோம். செத்திருக்கவில்லை. கீழ்த் தாடை உடைந்து தொங்கியது. மூன்று நாளாகத் தின்னவோ குடிக்கவோ முடியாமல் கிடந்திருக்கிறது. புண்ணில் புழு நெளிந்தது. கண்கள் திறந்திருந்தன. பெரியப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு, “நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோடா” என்றார். நாம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தத் துப்பாக்கியில் மருந்தையும் நாரையும் தவிர வேறெதையும் போட்டு நாம் பார்த்ததில்லை. வெறும் சத்தத்துக்காக வெடிப்பார். அடுத்த முறை லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய தருணத்தில் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார். ஏன் என்று பெரியம்மாள் கேட்டதற்கு, “சும்மா அலைச்சல்” என்றார்.

இப்போது பையனுக்கு எழுதிய கடிதத்துக்கு வருகிறோம். கணக்கைக் கணக்காகவே எழுதினோம்.

கொலராடோவில் எல்க் மானுக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்த அளவு இது: குழல் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த .24, குண்டின் எடை 85 கிரெய்ன், நூறு கஜத்தில் ஆயிரம் அடி-ராத்தல் சக்தி. கிரெய்ன் என்றால் நமக்கு என்ன தெரியும்? தங்கத்தை வைத்துச் சொன்னால் கடம்பூரிலும் விளங்கும். 85 கிரெய்ன் முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இது சட்டத்தின் எல்லை. அனுபவஸ்தர்கள் இதற்கு மேலேதான் பேசத் தொடங்குகிறார்கள். அமெரிக்கர்கள் 1906-ல் தங்கள் பட்டாளத்துக்குச் செய்த ‘முப்பது-நாட்-ஆறு’ என்ற தோட்டா நூறாண்டுக்கு மேலாக எல்க் வேட்டையில் புழங்குகிறது. அதன் குண்டு பொதுவாக 180 கிரெய்ன். ஒன்றரைப் பவுன் ஈயமும் செம்பும். வேகம் வினாடிக்குச் சுமார் 820 மீட்டர். பட்டாளத்துத் தோட்டாவைக் குடிமகன் கையில் கொடுத்துவிட்டு அந்தத் தேசத்துச் சர்க்கார் நிம்மதியாகத் தூங்குகிறதே என்று எழுதும்போது ஒரு கணம் பேனா நின்றது. அவ்வளவு நிம்மதியாகவும் தூங்கவில்லை என்று பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ரைபிளில் இதைச் சுட்டால் பின்னுதைப்பு எவ்வளவு? நம் பாடப்புத்தகப்படி குண்டை மட்டும் கணக்கிட்டால் வினாடிக்கு இரண்டரை மீட்டர் சொச்சம் வரும். அது தவறு. எரிந்த மருந்தின் வாயுவும் குண்டைவிட வேகமாக வாய் வழியே பாய்கிறது. அதையும் சேர்த்தால் நான்கு மீட்டருக்குப் பக்கத்தில் வரும். இருபது வருஷமாக மாணவர்களுக்கு இந்த வாயுவை நாம் சொல்லாமல் விட்டதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

கடைக்காரர் அவன் கையில் கொடுக்க ஆசைப்பட்டது 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மாக்னம். அதே குண்டை அது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தோடு அனுப்பும். தோளில் விழும் உதையோ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் கண்ணை மூடித் தோளைச் சுளிப்பான். குண்டு குறி விலகிப் போகும். நாம் காலேஜில் என்.சி.சி.யில் சுட்டது .22 என்ற பூனைக்குட்டிதான். அதற்கே முதல் நாள் கண்ணை மூடினோம். கூடுதல் வேகம் காகிதத்தில் இருக்கும். மூடிய கண் மானிடத்தில் போய்ச் சேரும்.

சிறிய தோட்டாவால் என்ன ஆகும் என்று கேட்பானே என்பதற்காக இரண்டு சேதி எழுதினோம். 1907-ல் சம்பாவத் என்ற இடத்தில் நானூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற பெண்புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்தது .275 ரிக்பி என்ற சாதாரணமான சிறு ரைபிள். போயர் யுத்தத்தில் ஆங்கிலேயர்களைத் திணற அடித்த ஜெர்மானிய மௌஸர் தோட்டாவுக்கு ஆங்கிலப் பெயர் வைத்தால் அதுதான் .275. ஆப்பிரிக்காவில் பெல் என்ற தந்த வேட்டைக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் மிகப் பலவற்றுக்கு இந்தச் சிறு தோட்டாவே போதுமாயிருந்தது. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கேயிருக்கிறது என்று படித்தவர் அவர். அந்தக் கொலைக் கணக்கை நாம் மெச்சவில்லை. அவர் படித்த பாடத்தை மட்டும் பையன் படிக்கட்டும் என்று எழுதினோம்: முன்னங்காலின் மேற்புறம், சற்றுப் பின்னே, இருதயமும் நுரையீரலும் உள்ள இடம். ஒரு பெரிய எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டின் அகலம்.

ஆகையால் அந்தத் தட்டையே அளவாக வைத்துக்கொள்ளச் சொன்னோம். அந்த அகலத்தில் ஓர் அட்டையை நூறு கஜத்தில் நிறுத்தி, உட்கார்ந்து சுடு, முழங்காலிட்டுச் சுடு, ஓடி மூச்சு வாங்கி வந்து நின்று சுடு. பத்துக்குப் பத்தும் பட்டால் இன்னும் ஐம்பது கஜம் தள்ளி வை. என்றைக்கு ஒன்று தவறுகிறதோ அதற்கு முந்தின தூரம் உன் தூரம். தொட்டபெட்டாவைவிட உயரமான மலைகளில் எல்க் மேய்கிறது. அங்கே ஏறினவன் மூச்சு சமவெளியில் வருவதுபோல் வராது என்பதையும் கழித்துக்கொள். ஆறு நூறு கஜம் என்று கடைக்காரர் சொல்வது துப்பாக்கியின் தூரம். இருநூறு கஜத்துக்குக் குறி நேர்செய்த முப்பது-நாட்-ஆறு, முந்நூறில் ஏறக்குறைய ஒரு சாண் தாழும். நானூறில் இரண்டு அடி தாழும். தட்டு எங்கே, இரண்டடி எங்கே?

இன்னும் சில விஷயங்களை விரைவாகவே எழுதினோம். அந்தத் தேசத்தில் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால்தான் விலக்கு உண்டு. ஆகையால் கடைக்குப் போகுமுன் வக்கீலிடம் போ. வேட்டைக் கல்வி வகுப்பில் தேறிய சீட்டில்லாமல் உன் வயதினருக்கு லைசென்ஸும் கிடையாது. ஆரஞ்சு நிறச் சட்டையை மறக்காதே. மானுக்காக அல்ல, மற்ற வேட்டைக்காரர்களுக்காக. ஈயக் குண்டு உடம்புக்குள் சிதறிக் கறியில் பொடியாகக் கலக்கிறது. கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டையில் ஈயத்தையே தடை செய்திருக்கிறார்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது. ஆகவே முழுவதும் செம்பாலான குண்டு வாங்கு, விலை கூடினாலும் சரி. சுட்டபின் அரை மணி நேரம் அசையாமல் இரு. பிறகு தடம் பார்த்துப் போ, கிடைக்கும்வரை போ, மூன்று நாளானாலும் போ.

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டுப் பெரியப்பாவின் கதையையும் சேர்த்து எழுதினோம். அதுவரை நம் வீட்டு அம்மாளிடம்கூட அதைச் சொன்னதில்லை.

இடையில் பையனுடைய தகப்பனார் நம் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் சேதி எட்டியிருந்தது. அவர் நிலத்தில் அப்போது மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற பருவம். முன் வருஷம் பன்றிக் கூட்டம் இறங்கி ஒரே இரவில் பாதிக் காட்டை உழுதுவிட்டுப் போயிருந்தது. சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டியிருக்கிறார். இரவெல்லாம் தகரத்தைத் தட்டுகிறார்.

“சார்வாள், அங்க மானைச் சுடணும்னா பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கணுமாமே?” என்றார்.

“ஆமாம் அண்ணாச்சி.”

“இங்க பன்னி ஒரு சீட்டும் வாங்காமலே நம்ம சோளத்தைத் திங்குது.”

2025 ஜனவரியில் நம் ராஜ்ய சர்க்கார், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றும், ஒன்றிலிருந்து மூன்றுக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம் என்றும் அறிவித்ததை அவரிடம் சொன்னோம். குருமலைக் காப்புக்காட்டிலிருந்து தம் நிலம் எவ்வளவு தூரம் என்று கைப்பேசிப் படத்தில் பார்த்துச் சொல்லச் சொன்னார். பார்த்தோம். இரண்டே முக்கால் கிலோமீட்டர் வந்தது. அவர் சிறிது நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கால் கிலோமீட்டர் நகத்திப் போட முடியாதா சார்வாள்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

பையன் முப்பது-நாட்-ஆறு வாங்கினான். புதிதல்ல, ஒரு கிழவர் வைத்திருந்தது. ஆவணி, புரட்டாசி முழுவதும் சனிக்கிழமைதோறும் அட்டையைச் சுட்டான். தன் தூரம் இருநூறு கஜம் என்று எழுதினான். இருநூற்றைம்பதில் பத்துக்கு எட்டுதான் பட்டதாம். பள்ளியில் எட்டு மதிப்பெண்ணுக்கே துள்ளிக் குதிக்கிறவன் என்பது நமக்கு ஞாபகம் வந்தது.

நவம்பரில் மலைக்குப் போனான். நான்கு நாள் பனியில் நடந்திருக்கிறார்கள். நான்காம் நாள் அந்திப் பொழுதில் ஒரு பெட்டை எல்க், அவன் சீட்டுக்கு உரியது, மரச்சரிவின் ஓரத்தில் பக்கவாட்டில் நின்றது. தூரம் பார்க்கும் கருவியில் முந்நூற்று நாற்பது கஜம் என்று காட்டியதாம். கிட்டே போக மறைவு இல்லை, வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் “சுடு, சுடு” என்றார்களாம். ரைபிளைத் தோளில் வைத்தான். விசைமேல் விரலையும் வைத்தான். “அந்தத் தாடை ஞாபகம் வந்துவிட்டது சார்” என்று எழுதியிருந்தான். அந்த எல்க் சற்று நேரம் மேய்ந்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது. அடுத்த நாள் வெறுங்கையோடு இறங்கி வந்தார்கள். ஆபீஸில் அவனைக் கேலி செய்கிறார்களாம். அடுத்த வருஷம் மறுபடி போவதாகவும் இருக்கிறான். இருநூறை இருநூற்றைம்பது ஆக்கிவிட்டுத்தான் போவானாம். கடிதத்தின் முடிவில், ஊருக்கு வரும்போது ரயிலடியில் போளி வாங்கி வைக்கும்படி நமக்கு உத்தரவு.

இந்தச் சேதியை அவன் தகப்பனாரிடம் சொல்லச் சாயங்காலம் காட்டுக்கே போனோம். பரண்மேல் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தகரமும் ஒரு வேப்பங்குச்சியும்.

“இம்புட்டுப் பணத்தைச் செலவழிச்சுட்டு அவன் சுடாமலா வந்தான்?” என்றார்.

“ஆமாம் அண்ணாச்சி.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. குருமலைப் பக்கம் இருட்டத் தொடங்கியிருந்தது. குச்சியை எடுத்துத் தகரத்தை நாலு தட்டுத் தட்டினார். பிறகு, நமக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.